வெறுங்கழுத்து

பெங்களூர் விவேக் நகரில் ஒரு கவுன் வெறுங்கழுத்தோடு வீட்டை விட்டு வெளியே போகிறதென்றால், ஒன்று தைத்தவளுக்குக் காய்ச்சல், இல்லாவிட்டால் போட்டுக்கொள்கிறவள் வீட்டில் இழவு. மூன்றாவதாக ஒரு காரணம் உலகத்திலேயே கிடையாது. இது ஜோசஃபினின் சட்டம். அந்த அம்மாள் ஒரு சட்டம் போட்டால் ஆண்டவரே இறங்கி வந்தாலும் வரிசையில் நின்றுதான் மாற்ற வேண்டும்.

ஜோசஃபின் குளோரியாவுக்கு நாத்தனார், புருஷன் டொமினிக்கின் கூடப் பிறந்த அக்கா. ஒரே வீடு. கீழே அக்கா, மாடியில் தம்பி குடும்பம். கீழ்வீட்டு முன்னறைதான் இரண்டு பேருக்கும் தையல் அறை. ஏப்ரல், மே வந்தால் கோயிலில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கப்போகிற பெண் குழந்தைகளின் வெள்ளைக் கவுன்கள் அங்கேதான் குவியும். குளோரியா வெட்டித் தைப்பாள். ஜோசஃபின் கழுத்துக்கும் கைக்கும் முத்துப்பாசி வைப்பாள்.

அந்த அறையில் சுவருக்குச் சுவர் ஓர் இரும்புக் கம்பி உண்டு. குளோரியா கவுனைத் தைத்து இஸ்திரி போட்டு அந்தக் கம்பியில் மாட்டினாள் என்றால் அவள் வேலை முடிந்தது, அதற்குப் பிறகு அது ஜோசஃபின் கை. "எடுத்துக்கவா?" என்று அவள் ஒரு நாள் கேட்டதில்லை. "எடுத்துக்கோங்க" என்று இவளும் சொன்னதில்லை. பன்னிரண்டு வருஷமாக அந்தக் கம்பி இரண்டு பேருக்கும் நடுவில் பேசிக்கொண்டிருந்தது. அதனால் அவர்கள் அதிகம் பேசிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. அது ஒரு விதத்தில் நல்லதுதான்.

ஏனென்றால் குளோரியாவுக்கு உள்ளுக்குள் ஒரு முள் இருந்தது. அவள் கல்யாணக் கவுன் சாதாரணக் கவுன். அவளே வெட்டி அவளே தைத்தது. பூசைக்கு ஒரு மணி நேரம் முன்னால், கோயில் பின்னறையில், மாப்பிள்ளையின் அக்கா ஊசியும் பாசி டப்பாவுமாக வந்து, "நில்லு, அசையாதே" என்று சொல்லி, கழுத்தைச் சுற்றி முத்து வைத்துவிட்டாள். பெண்ணை ஒரு வார்த்தை கேட்கவில்லை. குளோரியா வாயைத் திறக்கவில்லை. கல்யாணத்தன்றைக்கு எந்தப் பெண் திறப்பாள்? ஆனால் மறக்கவும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குளோரியா ஒன்பது வருஷம் ஊருக்கு வெளியே ஹெப்பகோடியில் ஒரு கார்மெண்ட் ஃபேக்டரியில், வெளிநாட்டுக்குப் போகிற உடுப்புகளுக்குச் சாம்பிள் தைத்தவள்; வீட்டுக் கவுன் வேலையெல்லாம் ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையிலும்தான். வெள்ளைக்காரன் ஊரில் வசந்தம் வருவதற்குப் பல மாதம் முன்னாலேயே ஹெப்பகோடிக்கு வந்துவிடும். வெளியே மழை கொட்டும், உள்ளே இவள் அவர்களுடைய வசந்தகால உடுப்புகளைத் தைத்துக்கொண்டிருப்பாள். பாசி கிடையாது, லேஸ் கிடையாது, ஒரு ஃபிரில் கூடக் கிடையாது. துணி தோளிலிருந்து விழுகிற விதம் மட்டும்தான். வெட்டு அரை விரல் தப்பினால் போச்சு, மறைக்க ஒன்றுமில்லை. அடேயப்பா, என்ன தைரியம் என்று நினைப்பாள். தன் பேரில் அப்படி ஒரு தொகுதி உடுப்பு தைக்க வேண்டும் என்ற ஆசை அங்கேதான் முளைத்தது.

ஆறு மாதம் முன்னால் வேலையை விட்டாள். டொமினிக்கிடம் கறாராக ஒப்பந்தம். "வர்ற ஈஸ்டர் வரைக்கும். அதுக்குள்ள ஒரு கடையாவது என் டிரஸ்ஸை எடுக்கலைன்னா திரும்ப ஹெப்பகோடிக்கே போயிடறேன். அப்புறம் இந்தப் பேச்சே எடுக்க மாட்டேன்."

பிரேசர் டவுனில் பார்கவி என்று ஒரு பெண், தெரிந்தெடுத்த உடுப்புகள் மட்டும் விற்கிற சின்னக் கடை வைத்திருந்தாள். ஜனவரியில் குளோரியா தைத்துக் கொண்டுபோன இரண்டு கவுனையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பார்கவி கன்னடக்காரி. கடைக்கு வருகிறவர்களோடு பேசிப் பேசித் தமிழும் நன்றாக வரும்.

"கட் ரொம்ப சென்னாகிதே, குளோரியா. குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா இது யாரோடதுன்னு தெரியலயே. எந்த ஊர்ல வேணா, யார் வேணா தைக்கலாம் இல்லியா? மார்ச்ல வசந்தத்துக்குப் புது ரேக் போடறேன். உங்களோடதுன்னு தெரியற மாதிரி ஆறு பீஸ் பண்ணுங்க. வீட்டுக்கே வந்து பார்க்கறேன்."

அந்த ஆறுதான் இந்தக் கதை.

குளோரியா நிறங்களை ஊரிலிருந்தே எடுத்தாள். அரிசி களைந்த தண்ணீர் நிறம் ஒன்று. பால் கூடுதலாக விட்ட டீ ஒன்று. மழையில் நனைந்த பள்ளிக்கூடச் சுவரின் சாம்பல் ஒன்று. மாவடுப் பச்சை ஒன்று. பிப்ரவரியில் தெருவெல்லாம் பூத்துக் கொட்டுகிற மரங்களின் இளஞ்சிவப்பு, அதுவும் மரத்தில் இருக்கிற நிறம் இல்லை, விழுந்து ஒரு நாள் காய்ந்த நிறம், அது ஒன்று. ஆறாவது கொய்யாப்பழத்தின் உள்நிறம். எல்லாம் மெல்லிய பருத்தி. ஒரு பொத்தான்கூட வெளியே தெரியாது. ஜோசஃபினிடம் "ஒரு கடைக்கு ஆறு கவுன்" என்று மட்டும் சொன்னாள். முழுக்கச் சொன்னால், "வெறுங்கழுத்தா?" என்று கேட்டு அந்தம்மாள் சிரிக்கிற சிரிப்பை யார் தாங்குவது? அந்தப் பயம்தான் வினையாக முடிந்தது.

பார்கவி வருவதாகச் சொன்னது சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு; அது ஜோசஃபினுக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை காலையில், பழைய ஃபேக்டரி சூப்பர்வைசர் கோவிந்தப்பா கூப்பிட்டிருந்தார் என்று குளோரியா ஹெப்பகோடிக்குக் கிளம்பினாள். அவர் நல்ல மனுஷன். "உன் இடத்தைத் திங்கட்கிழமை வரைக்கும் வெச்சிருக்கேன்மா. அதுக்கு மேல என் கையில இல்ல. ஒரு தடவை நேர்ல வந்து பேசிட்டுப் போ" என்றிருந்தார்.

கிளம்பும் முன் ஆறு கவுனுக்கும் இஸ்திரி போட்டாள். சூட்டோடு மடித்தால் மடிப்பு விழும். ஆறட்டும், அப்புறம் மாடிக்குக் கொண்டுபோகலாம் என்று மாட்டினாள். எங்கே மாட்டினாள்? பன்னிரண்டு வருஷமாகக் கை போன இடத்துக்கே கை போனது. வாசலில் டொமினிக் ஆட்டோவை வைத்துக்கொண்டு ஹார்ன் அடித்தான். "பஸ் போயிடும், வரியா இல்லையா?" பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

கம்பியில் ஆறு கவுன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் திரும்பி வந்தபோது முன்னறையில் ஒரே சிரிப்பும் பேச்சுமாக இருந்தது. ஜோசஃபின், பக்கத்து வீட்டு முத்தம்மா, கோயில் பாடற்குழுவிலிருந்து இரண்டு பெண்கள். தவக்காலத்து வெள்ளிக்கிழமை, கோயிலில் சிலுவைப்பாதைச் செபத்துக்குக்கூடப் போகாமல் உட்கார்ந்திருந்தார்கள். கம்பியில் ஐந்து கவுன் கழுத்தைச் சுற்றிப் பளபளவென்று முத்துக்கொடியோடு தொங்கின. டீ நிறம் டாலடித்தது. மாவடுப் பச்சை மணப்பெண் மாதிரி நின்றது.

"வந்துட்டியா! பாரு!" ஜோசஃபின் முகமெல்லாம் பல். "நாளைக்குக் கடைக்காரம்மா வருது, நீ பாவம் பாசிக்கு நேரமில்லாம மாட்டிட்டு ஓடிட்ட. விட்டுடுவோமா? அஞ்சு ஆச்சு. இந்தக் கொய்யாப்பழக் கலருக்குத்தான் பாசி தீர்ந்துபோச்சு. காலைல முதல் வேலையா கமர்ஷியல் தெருவுக்குப் போய்..."

குளோரியாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்புறம் வாய் ஓடியது.

"யாரைக் கேட்டு வெச்சீங்க?"

"கம்பில மாட்டியிருந்தியே..."

"ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா? ஒரு போன் பண்ண மாட்டீங்களா? அதுங்க அப்படித்தான்க்கா இருக்கணும்! வெறுமையா! அதுக்குத்தான் ஆறு மாசம் உசுரை விட்டேன். என் கல்யாணத்தன்னைக்கும் இதைத்தான் பண்ணீங்க. என் கழுத்து, என் கவுன், என்னைக் கேட்டீங்களா? உங்களுக்கு எதையும் அது இருக்கிறபடி விடவே தெரியாதா?"

முத்தம்மா மெல்ல எழுந்து செருப்பைத் தேடினாள். பாடற்குழுப் பெண்கள் இருவரும் அவள் பின்னாலேயே நழுவினார்கள். சண்டைக்குப் பேர்போன ஜோசஃபின், காய்கறிக்காரன் கிராம் குறைத்தால் தெருவையே கூட்டுகிற ஜோசஃபின், ஊசியைப் பஞ்சில் குத்திவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மாடியில் டொமினிக் தட்டில் சோறு போட்டுக்கொண்டே, "ரெண்டு பேர் மேலயும் தப்பு இருக்கு" என்றான். எந்தப் புருஷனும் சொல்லக்கூடாத நேரத்தில் சொல்லக்கூடாததைச் சொல்வதில் அவன் கெட்டிக்காரன். ஆனால் படுத்த பிறகு யோசித்துப் பார்த்தால் அது உண்மையாகத்தான் இருந்தது. மாட்டியது யார் கை?

விடிந்தும் விடியாமல் குளோரியா கீழே இறங்கி வந்தாள். பாசியைப் பிரித்துவிட்டு, தண்ணீர் தெளித்து ஆவியில் இஸ்திரி போட்டால் ஊசித் துளை மூடிக்கொள்ளும், மூன்று மணிக்குள் இரண்டு கவுனையாவது காப்பாற்றலாம் என்று கணக்கு.

முன்னறையில் விளக்கு எரிந்தது. ஜோசஃபின் ஏற்கெனவே தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் டீ நிறக் கவுன். கையில் தையல் பிரிக்கிற கொக்கி. பக்கத்தில் எவர்சில்வர் கிண்ணத்தில் முக்கால் வாசி முத்து. நேற்று முழுக்கத் தான் வைத்ததை ஒவ்வொன்றாகத் தானே பிரித்துக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது.

குளோரியா எதிரே உட்கார்ந்து சாம்பல் கவுனை எடுத்துக்கொண்டாள். முத்து ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் விழுந்தது.

தலையை நிமிர்த்தாமலே ஜோசஃபின் பேசினாள். "அன்னைக்குக் கோயில்ல நீ வந்து இறங்கினதைப் பாத்துட்டு எங்க சொந்தக்காரப் பொம்பளைங்க ரெண்டாவது வரிசைல உக்காந்துகிட்டு, 'பொண்ணு கழுத்துல ஒண்ணுமே இல்லயே, வீட்ல வக்கில்லயா'ன்னு பேசிக்கிட்டாங்க. உங்கப்பா காதுல விழற மாதிரியே பேசினாங்க. எனக்குப் பொறுக்கல. என் கல்யாண முக்காட்டுல இருந்த முத்தைத்தான் பிச்சு எடுத்துட்டு ஓடி வந்தேன். அதைச் சொன்னா உனக்கு மனசு நோகும்னு சொல்லல."

குளோரியாவின் கை நின்றுவிட்டது.

பன்னிரண்டு வருஷம்! பன்னிரண்டு வருஷமாக ஒரு முள்ளைப் பத்திரமாக வைத்துத் தண்ணீர் ஊற்றி வளர்த்திருக்கிறாள் பாருங்கள். அதுவோ பூவாக இருந்திருக்கிறது.

"அக்கா..." என்றாள். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சொல்லியிருக்கலாம் இல்ல" என்று மட்டும் முணுமுணுத்தாள்.

"நீயும்தான் வெறுங்கழுத்துன்னு சொல்லியிருக்கலாம்."

"சொன்னா சிரிப்பீங்க."

"சிரிச்சிருப்பேன்" என்று ஒத்துக்கொண்டாள் ஜோசஃபின். "சிரிச்சிட்டு, வெக்காம விட்டிருப்பேன்." இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையோடு கலந்த சிரிப்பு, மூக்கைச் சிந்தித்தான் நிறுத்த முடிந்தது.

ஏழரை மணிக்குக் கிழக்கு ஜன்னலில் வெயில் வந்தது. பாசி தீர்ந்துபோனதால் தப்பித்த கொய்யாப்பழக் கவுன் கம்பியில் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. இதையாவது முழுசாகக் காட்டலாம் என்று நினைத்து குளோரியா தற்செயலாகத் திரும்பிப் பார்த்தாள். அப்படியே எழுந்து நின்றாள்.

ஜோசஃபின் பாசி வைக்கும் முன் ஒரு வேலை செய்வாள். சாக்பீஸ் வைத்துக் கோலம் வரைய மாட்டாள். துணியின் நிறத்திலேயே நூல் எடுத்து, கொடி எப்படிப் போகிறதென்று ஓட்டுத் தையலாக ஓட்டிவிட்டு, அதன் மேல்தான் பாசி வைப்பாள். வேறு நிற நூல் என்றால் பாசிக்கு நடுவில் எட்டிப் பார்க்குமாம். இத்தனை வருஷத்தில் அந்த நூலை யாரும் பார்த்ததில்லை. பாசி அதை மூடிவிடும்.

இப்போது மூடவில்லை. வெயில் சாய்வாக விழுந்த இடத்தில், கொய்யா நிறத்தின் மேல் கொய்யா நிறத்திலேயே ஒரு கொடி கழுத்தைச் சுற்றி ஓடியது. ஒரு இலை, கொஞ்சம் இடைவெளி, ஒரு மொட்டு. துணியை நகர்த்தினால் காணோம். திரும்ப நகர்த்தினால் வந்தது.

ஜோசஃபினின் கொக்கி டீ நிறக் கவுனில் அடுத்ததாக அந்த நூலைத்தான் பிரிக்கப் போயிருந்தது.

"அக்கா, நிறுத்துங்க! நூலைத் தொடாதீங்க!"

"என்னடி இப்படிக் கத்தற? இது அடையாளத்துக்குப் போட்டது. குப்பை."

"குப்பை இல்லக்கா. பாசி மட்டும் போகட்டும். இது இருக்கட்டும்."

"அய்யே! அரைகுறையா இருக்கும், குளோரியா. முடிக்கத் தெரியாதவ தச்ச மாதிரி இருக்கும். என் மானம் போகும்."

"உங்க மானத்துக்கு நான் ஜவாப்தாரி" என்றாள் குளோரியா. சொல்லிவிட்டாளே தவிர உள்ளே பதறிக்கொண்டுதான் இருந்தது. பார்கவி கண்ணுக்கும் அது அரைகுறையாகத் தெரிந்தால்? திங்கட்கிழமை ஹெப்பகோடி பஸ்தான்.

முத்தம்மாவும் வந்து சேர்ந்துகொண்டாள். நேற்று வைத்த பாவத்தை இன்றைக்குப் பிரித்துக் கழிக்கிறேன் என்றாள். ஜோசஃபின் பாசிக்குப் பாசி முடிச்சுப் போடுகிறவள். ஐந்து வருஷம் தோய்த்தாலும் உதிராது என்று பெருமை பேசுவாள். அந்தப் பெருமையை இன்றைக்கு மூன்று பேரும் விரல் நுனியில் அனுபவித்தார்கள்.

நாலு கவுன் முடிந்து, ஐந்தாவது, மாவடுப் பச்சை, பாதி பிரித்தபடி ஜோசஃபின் மடியில் இருந்தபோது வாசலில் கார் நின்றது. மணி இரண்டேகால்தான். டிராஃபிக் இருக்கும் என்று சீக்கிரம் கிளம்பினாளாம் பார்கவி. இந்த ஊரில் டிராஃபிக் இல்லாமல் போவதற்கு அந்த ஒரு நாள்தான் கிடைத்ததா?

பார்கவி உள்ளே வந்தாள். கம்பியில் இருந்த ஐந்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தோளைப் பிடித்துத் தூக்கினாள், கீழே விழவிட்டாள், தையலைத் திருப்பினாள். அரிசித் தண்ணீர் நிறத்திடம் வந்தபோது கழுத்தருகே விரலை வைத்தாள். விரல் அந்தக் கொடியோடு மெதுவாகப் போனது. கவுனை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு நடந்தாள்.

"இது என்ன?"

குளோரியா வாயைத் திறப்பதற்குள் ஜோசஃபின் பதறிக்கொண்டு, "அது ஒண்ணுமில்லைம்மா, வேலை முடியல, நீங்க சீக்கிரம் வந்துட்டீங்க" என்று மாவடுப் பச்சையைப் பின்னால் மறைக்கப் பார்த்தாள். பார்கவி குனிந்து அதை வாங்கினாள். ஒரு பாதிக் கழுத்தில் முத்து ஜொலித்தது. மறு பாதியில் நூல் மட்டும். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"இந்தப் பக்கம் எங்க வேணா கிடைக்கும்" என்று முத்தைக் காட்டினாள். நூலின் மேல் விரலை வைத்தாள். "இது எங்கயும் கிடைக்காது. போன தடவை என்ன சொன்னேன்? யாரோடதுன்னு தெரியலன்னு சொன்னேன். இப்போ தெரியறது. குளோரியா, யார் யோசனை இது?"

மறைப்பானேன், குளோரியாவின் நாக்கு நுனியில் 'என்னோடது' வந்து நின்றது. பாதி உண்மையும்கூட. பார்த்தது அவள் கண்தானே? பார்கவியின் ரேக்கில் தன் பேர் மட்டும் தொங்குவதை அவள் ஆறு மாதமாகக் கனவு கண்டிருக்கிறாள்.

"வெட்டினது நான்" என்றாள். "கொடி அக்காவோடது. சாக் இல்லாம, கையாலயே ஓட்டினது. ரெண்டு பேர் பேரும் போடணும் மேடம்."

"எம் பேரா?" ஜோசஃபின் மிரண்டுபோனாள். "முடிக்காத வேலைல எம் பேரைப் போட்டு ஊர் சிரிக்க வெக்காதடி!"

பார்கவி சிரித்தாள். "சிரிக்க மாட்டாங்கம்மா. ஆறும் இப்பவே எடுத்துக்கறேன். ஈஸ்டருக்கு முன்னால இதே மாதிரி இன்னும் இருபது வேணும். ஆனா ஒரு கண்டிஷன். தயவு பண்ணி முடிச்சிடாதீங்க."

மாவடுப் பச்சையின் மிச்சப் பாசியைப் பிரிக்கும் வரை அவள் முத்தம்மா போட்ட டீயைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கார் கிளம்பியதும் குளோரியா கோவிந்தப்பாவுக்குப் போன் போட்டாள். "சார், என் இடத்தை வேற யாருக்காவது கொடுத்துடுங்க" என்றபோது குரல் கொஞ்சம் உடைந்தது. அவர் மறுமுனையில், "அப்பாடா, நல்ல சேதி சொன்ன. நடத்தும்மா" என்றார்.

திங்கட்கிழமை காலையில் ஹெப்பகோடி பஸ் போயிருக்கும். குளோரியா புதுக் கவுன் ஒன்றை வெட்டித் தைத்து, இஸ்திரி போட்டு, கம்பியில் மாட்டினாள். மாட்டிவிட்டு, வாயைத் திறந்து, "அக்கா, எடுத்துக்கோங்க. நூல் மட்டும்" என்றாள்.

ஜோசஃபின் கொடியை ஓட்டி முடித்தாள். நூலை அறுத்தாள். பழக்க தோஷம், கை தானாகக் கிண்ணத்துக்குப் போய் ஒரு முத்தை எடுத்துவிட்டது. எடுத்த முத்தை விரலிடுக்கில் உருட்டிக்கொண்டு குளோரியாவை ஏறிட்டுப் பார்த்தாள். பார்வையில் ஒரு கெஞ்சல்.

"ஒண்ணே ஒண்ணு?"

குளோரியா யோசித்தாள். "உள்பக்கம். பின்கழுத்துல. வெளிய யாருக்கும் தெரியக்கூடாது."

ஜோசஃபின் கவுனைத் திருப்பி, பின்கழுத்தின் உள்மடிப்பில் அந்த ஒரு முத்தை வைத்து, வழக்கம்போல் முடிச்சுப் போட்டாள். குளோரியா அதை வாங்கிப் புடவைக்கு மேலேயே தலை வழியாகப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. பின்கழுத்தில் மட்டும் சில்லென்று ஒரு புள்ளி பட்டது. கோயில் பின்னறையில் அன்றைக்குப் பட்ட அதே குளிர்ச்சி. அன்றைக்குக் குத்தியது இன்றைக்குக் குத்தவில்லை.

"எப்படி இருக்கு?" என்று கேட்டாள் ஜோசஃபின்.

"இருபதுக்கும் வைங்கக்கா" என்றாள் குளோரியா.